கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஈ

5

மூன்று வருஷத்தில் முதல் முறையாக எஸ்பெனின் தூண்டிலை ஒரு மீன் பின்தொடர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து தோரா லுண்டகோர் ஒரு கேக் துண்டை ஆட்டி அவனைக் கூப்பிட்டார்.

இடுப்பளவுக் கடலில் நின்றிருந்த எஸ்பென் காது கேளாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். தோரா விடுகிற ஆள் இல்லை. ஓடென்ஸ நகரத்தில் பதினாறு வருஷமாகத் துப்பறியும் தொழில் நடத்துபவர். ஒளிந்து திரிந்த எத்தனையோ கணவன்மாரைத் தேடிப் பிடித்தவருக்குப் பட்டப்பகலில் கடலில் நிற்கும் உதவியாளன் எம்மாத்திரம்? இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். மீன் திரும்பிப் போய்விட்டது.

"யாரு செத்தது?" என்று கேட்டுக்கொண்டே எஸ்பென் கரையேறினான். மார்பு வரை ஏறிய ரப்பர் கால்சட்டை ஒவ்வொரு அடிக்கும் கீச்சென்று கத்தியது.

"ஒரு ஈ. செத்து அம்பத்தேழு வருஷம் ஆச்சாம். இன்னிக்குதான் காணாமப் போயிருக்கு."

எஸ்பெனின் முகம் மாறியது. ரேவ்ஸ்கோ கரையில் ஈ என்று ஒருமையில் சொன்னால் ஒரே ஒரு ஈதான்.

அது பறக்கிற ஈ அல்ல. தூண்டில் முள்ளின் மேல் மான் முடியும் இறகும் வைத்து நூலால் இறுக்கிக் கட்டிய பொய் இரை. பார்த்தால் இறால் மாதிரி இருக்கும், ஆனால் எப்போதோ யாரோ ஈ என்று சொல்லி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1968 இலையுதிர் காலத்தில் வில்லாத்ஸ் என்ற வாலிபர் இப்படி ஒரு ஈயைப் போட்டுப் பதினோரு கிலோ கடல் டிரவுட் மீனைப் பிடித்தார். மறு வருஷம் ரேவ்ஸ்கோ தூண்டில் சங்கம் பிறந்தது. அந்த ஈ கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிச் சங்கக் கூடத்துச் சுவரில் உட்கார்ந்தது. அதன் முன்னால் புது உறுப்பினர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். தேவாலயத்தில் கழற்றாதவர்கள்கூட இங்கே கழற்றுவார்கள்.

ஒவ்வொரு அக்டோபரிலும் மூன்றாம் சனிக்கிழமை நாற்பது பேர் இங்கே கூடுவது வழக்கம். போட்டி, பரிசு எதுவும் கிடையாது. பிடித்த மீனை அங்கேயே விட்டுவிட வேண்டும். மிச்ச நேரத்தில் காப்பி, சூப், கேக், அப்புறம் தாராளமாகப் பொய். இந்தத் தடவை எஸ்பென் தன் விருந்தாளியாகத் தோராவை அழைத்து வந்திருந்தான். அவர் மீன் பிடிக்க வரவில்லை, கேக்குக்காக மட்டுமே வந்திருந்தார்.

"கேக் செஞ்ச அம்மா என்னைக் கேட்டாங்க. நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்கன்னாங்க. சாப்பிட்டுட்டு முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார் தோரா.

கேக் செய்தவள் ராக்னா. ஊரில் பேக்கரி வைத்திருப்பவள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று அவளைக் கேட்டுத்தான் பாதிப் பேர் தண்ணீரில் இறங்குவார்கள். பத்தொன்பது வருஷமாகத் தலைவராக இருக்கும் ஹோல்கருக்கு எதிராக இந்த வருஷம் அவள் நின்றாள். நாலு மணிக்குக் கை தூக்கி வாக்கெடுப்பு.

சங்கத்துச் சமையலறையில் ராக்னா பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறுவதைப் பார்த்தால் சூப்பின் மேல் ஏதோ கோபம் போலத் தெரிந்தது. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வந்தாள். ரேடியோவைப் போட்டுவிட்டு ஏழு மணி வரை தனியாகக் கேக் செய்தாள். ஒன்பது மணிக்கு, கடலை விட்டு ஏறாத எஸ்பெனைத் தவிர, எல்லோரும் சிற்றுண்டிக்கு வந்தபோது கண்ணாடிப் பெட்டி மேஜைமேல் திறந்து கிடந்தது. முந்தின நாள் கதவைப் பூட்டும்போது ஈ உள்ளே இருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காலையில் முதலில் உள்ளே இருந்தது யார் என்று யாரோ கேட்டார்கள். கூடமே திரும்பி அவளைப் பார்த்தது.

"ஹோல்கர் என்ன சொன்னாரு?" என்று எஸ்பென் கேட்டான்.

"ஒண்ணும் சொல்லலை. குனிஞ்சு தன் பூட்ஸைப் பாத்துக்கிட்டிருந்தாரு. திட்டியிருந்தாக்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்." கரண்டியை வைத்தாள். "நாலு மணிக்குள்ள அது கிடைக்கலைன்னா நான் தேர்தல்ல நிக்கப்போறதில்லை, சங்கத்துலயும் இருக்கப்போறதில்லை. திருடின்னு நினைச்சுக்கிட்டு என் கேக்கை யாரும் திங்க வேண்டாம்."

எஸ்பெனுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. முதல் தடவை வந்தபோது அவன் தொண்ணூறு தரம் வீசித் தொண்ணூறு தரமும் தன் தொப்பியையே பிடித்தான். சிரிக்காமல் இருந்தவள் ராக்னா ஒருத்திதான்.

தோரா சமையலறைக் கதவின் பிடியைத் தொட்டார். விரலை முகர்ந்தார். பிறகு கெட்டிலைத் தொட்டார், ரேடியோ குமிழைத் தொட்டார், நாற்காலியின் முதுகைத் தொட்டார்.

"எஸ்பென், இங்க வா. இதெல்லாம் தொட்டுப் பாரு."

"பிசுபிசுன்னு இருக்கு."

"இந்த ஊர் கேக்குக்கு மேல என்ன ஊத்துவாங்க?"

"வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும். கடவுளுக்குக்கூட அதுதான் பிடிக்கும்."

கூடத்துக்கு வந்தார்கள். மேஜைமேல் கண்ணாடிப் பெட்டி கிடந்தது. தோரா கண்ணாடியின் மேல் விரலை ஓட்டி, அந்த விரலை எஸ்பெனின் மூக்குக்கு நேராக நீட்டினார். சுத்தமாக இருந்தது.

"அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் ராக்னா தொட்ட இடமெல்லாம் எறும்புக்கு விருந்து. இதுல மட்டும் எதுவும் ஒட்டலை. ராக்னா இதைத் தொடவே இல்லை."

"அப்ப உடனே போய்ச் சொல்லிடலாமே? நான் திரும்பக் கடலுக்குப் போறேன். அந்த மீன் எனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்."

"கை கழுவிட்டு வந்தாள்னு ஒருத்தன் சொன்னாப் போச்சு. தொடாதவளைக் காட்டினாப் பத்தாது, தொட்டவனைக் காட்டணும்."

பெட்டியின் பின்பலகையில் இருந்த ஆறு சின்ன ஆணிகளும் பிடுங்கப்பட்டு, ஒரு காப்பித் தட்டில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவசரக்காரத் திருடன் செய்கிற வேலை இல்லை அது. தோரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி போலப் பிடித்து மேஜை விரிப்பை ஓரம் ஓரமாகப் பார்த்தார். வெள்ளை விரிப்பில் மினுக்கென்று ஒரு இரும்புத் துணுக்கு, எள்ளில் பாதி இருக்கும்.

எஸ்பென் குனிந்து பார்த்தான். இது அவனுக்குத் தெரிந்த விஷயம். துப்பறியும் தொழிலில் அவனுக்கு இப்படிப்பட்ட சந்தர்ப்பம் அபூர்வம் என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இது எதிர்முள். தூண்டில் முள்ளோட நுனிக்குக் கீழ பின்பக்கமா ஒரு சின்னப் பல்லு இருக்கும். மீன் வாயில மாட்டினா வெளிய வராம இருக்கறதுக்கு. இந்தச் சங்கத்துல அது கூடாது. குறட்டால நசுக்காம எந்த ஈயும் தண்ணியில இறங்கக் கூடாதுன்னு விதி. மீன் நோகாம தப்பிக்கணுமாம். நசுக்கும்போது சில சமயம் இப்படி உடைஞ்சு விழும்."

"அம்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடி அந்த விதி இருந்ததா?"

"இல்லை. அப்ப எல்லாத்துலயும் எதிர்முள் இருக்கும்." சொல்லி முடித்தவன் அப்படியே நின்றான். "அட. அந்த ஈயைத் திருடினவன் அதோட எதிர்முள்ளை நசுக்கியிருக்கான்."

"விக்கிறதுக்கு எடுத்தவன் நசுக்குவானா?"

"விலையே போயிடும். மீன் பிடிக்கப்போறவன்தான் நசுக்குவான்." எஸ்பெனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சங்கத்துச் சொத்தைத் திருடிட்டு, சங்க விதிப்படி நசுக்கிட்டு, ஆணியை எண்ணித் தட்டுல வச்சுட்டுப் போயிருக்கான். இப்படி ஒரு ஒழுக்கமான திருடனை நம்ம நாட்டுல மட்டும்தான் பாக்க முடியும்."

தோரா பெட்டிக்குள்ளிருந்த தக்கைத் துண்டை வெளியே எடுத்தார். ஐம்பத்தாறு வருஷம் ஈ குத்தியிருந்த இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று தெரிந்தது. அதை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துவிட்டு, எஸ்பெனின் ஈப் பெட்டியைக் கேட்டார். அவன் தயங்கித் தயங்கித் திறந்து காட்டினான். உள்ளே பஞ்சு முழுக்கச் செங்கல் நிறத்தில் கறை.

"என்னப்பா இது, ஆணிக் கடையா?"

"உப்புத் தண்ணி பட்ட முள்ளை நல்ல தண்ணியில அலசி வைக்கணும். மறந்து அப்படியே குத்தினா நாலே நாள்ல துரு. என் பொண்டாட்டி மாதிரி நீங்களும் ஆரம்பிக்காதீங்க."

தோரா ஆரம்பிக்கவில்லை. தக்கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பைக்குள் போன எதைப் பற்றியும் கேட்டால் பதில் வராது என்று எஸ்பெனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு மணியடித்ததும் நாற்பது பேரும் சூப்புக்கு உள்ளே போனார்கள். தூண்டில் கோல்களை வெளிச்சுவரின் மரத்தாங்கியில் சாத்திவிட்டுப் போவது வழக்கம். ஒவ்வொரு கோலிலும் ஈ ஒரு வளையத்தில் மாட்டியிருந்தது. யாருடைய கோல் எது என்று எஸ்பெனுக்கு அத்துபடி. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான், பழைய ஈ எதிலும் இல்லை. தாங்கியின் கடைசிக் கோலில் ஈயே இல்லை. வெறும் தூண்டில் நரம்பு காற்றில் ஆடியது. அதன் நுனி இரண்டு சுற்றாகச் சுருண்டிருந்தது.

"பன்றிவால்," என்றான். குரல் தானாகத் தாழ்ந்தது.

"அப்படின்னா?"

"நரம்பு அறுந்தா நுனி நேரா இருக்கும். முடிச்சு சரியில்லாம நழுவி அவிழ்ந்தாத்தான் இப்படிச் சுருளும். மீனும் போய் ஈயும் போகும். இதை விட அவமானம் ஒரு தூண்டில்காரனுக்குக் கிடையாது."

"யாரோட கோல்?"

"ஹோல்கரோடது. தோரா, எனக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் குடுத்ததே அவர்தான். இங்க இருக்கிற எல்லாருக்கும் அவர்தான். வருஷா வருஷம் வெள்ளிக்கிழமை முடிச்சு வகுப்பு எடுப்பாரு. யாருக்காவது பன்றிவால் வந்தா ஒரு வாரம் கிண்டல் பண்ணுவாரு."

"இன்னிக்கு மீன் கடிச்சதான்னு அவரை யாராவது கேட்டாங்களா?"

"நானே கேட்டேன். ஒண்ணுகூடத் தொடலைன்னாரு."

தோரா அந்தச் சுருளை விரலால் மெல்லத் தட்டினார். "எனக்கு மீனைப் பத்தித் தெரியாது, ஆனா உங்க மாதிரி தூண்டில்காரங்களைப் பத்தித் தெரியும். மூணு வருஷமா நீ விட்ட மீனையெல்லாம் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. பிடிச்ச மீனைக்கூட ஒருத்தன் மறைப்பான், இடம் தெரிஞ்சிடும்னு. தவற விட்ட மீனை யாராவது மறைப்பானா?"

உலகத்தில் எந்தத் தூண்டில்காரனும் அதைச் செய்ததில்லை.

சூப் முடிந்ததும் தோரா ஹோல்கரைத் தனியாகப் பாறைப் பக்கம் அழைத்துப் போனார். நாலடி பின்னால் எஸ்பென் கீச்சு கீச்சென்று போனான். ஹோல்கர் மறுக்கக்கூட இல்லை. பன்றிவாலைப் பற்றி தோரா சொன்னதுமே அறுபத்தாறு வயது மனிதர் ஒரு கல்லின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். ஆறு மணிக்குத் தன் சாவியால் முன்கதவைத் திறந்ததைச் சொன்னார். சமையலறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம்.

"தோத்துடுவேன்னு தெரியும். ராக்னாதான் வரணும், அதுவும் தெரியும். தலைவரா கடைசி நாள். பத்தொம்பது வருஷமா தினம் அதைத் தொடைச்சு வச்சேன், ஒரே ஒரு தடவை தண்ணியில போட்டுப் பாக்கணும்னு ஆசை. ஒரு மணி நேரத்துல திருப்பி வச்சிடலாம்னு நினைச்சேன்."

"எத்தனாவது வீச்சுல பிடிச்சுது?" என்று எஸ்பென் தன்னை மறந்து கேட்டான்.

"ரெண்டாவது." ஹோல்கரின் கண் ஒரு கணம் பளிச்சென்று மின்னி அணைந்தது. "யாராவது பாத்துடுவாங்கன்னு அவசரம். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்க மறந்துட்டேன். அதுக்கப்புறம் இன்னொரு ஈ கட்ட மனசு வரலை. சும்மா தண்ணியில நின்னுட்டு வந்தேன். அங்க எல்லாரும் ராக்னாவைப் பாத்தப்ப நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கலை. ஈயை விட அதுதான் எனக்கு வெக்கமா இருக்கு."

"நாலு மணிக்குத் திறங்க. நான் சொன்னா அது துப்பு, நீங்க சொன்னாத்தான் மன்னிப்பு," என்றார் தோரா.

நாலு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. மூன்றரைக்குத்தான் வந்து சேர்ந்த வில்லாத்ஸ் முன்வரிசையில் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தார். எண்பத்து நாலு வயது. காலையில் நடந்ததை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ராக்னா சுவரோரம் கோட்டை மாட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றாள்.

ஹோல்கர் எழுந்தார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், பன்றிவால் உட்பட. கடைசியில் ராக்னாவின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் வில்லாத்ஸைப் பார்த்தார்.

வில்லாத்ஸின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எஸ்பென் பயந்துபோனான். தோரா மட்டும் நிதானமாகக் கோட்டுப் பையிலிருந்து தக்கையை எடுத்து, அவர் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"தாத்தா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கடல்ல பதினோரு கிலோ மீனைப் பிடிச்ச முள்ளு. எஸ்பெனோட பெட்டியைப் பாத்தேன், நாலு நாள்ல செங்கல் நிறம். அம்பத்தாறு வருஷம் இந்தத் தக்கையில குத்தி இருந்திருக்கு, ஒரு புள்ளி துரு இல்லை. உடைஞ்சு விழுந்த எதிர்முள்ளும் புதுசாட்டம் மின்னுது. இன்னிக்குக் காலை வரைக்கும் இந்த ஈ கடலைப் பாத்ததே இல்லை. இல்லையா?"

வில்லாத்ஸ் அதற்கு மேல் தாங்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். கேக் துணுக்கு எஸ்பெனின் கால்சட்டை வரை தெறித்தது.

"டேய் ஹோல்கர், பதினோரு கிலோ மீனைப் பிடிச்ச ஈயை எவனாவது பெட்டியில வைப்பானா? மறுநாள் விடியறதுக்கு முன்னாடி அதையே கட்டிக்கிட்டு ஓடினேன்டா. மூணாவது வீச்சுல பாறையில மாட்டிப் போச்சு. அடுத்த வருஷம் சங்கம் ஆரம்பிச்சு ஈயைக் குடுன்னு கேட்டாங்க. போச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்தது. சமையலறை மேஜையில உக்காந்து பத்து நிமிஷத்துல ஒண்ணு கட்டிக் குடுத்துட்டேன்."

ஐம்பத்தாறு வருஷமாகத் தொப்பி கழற்றிய கூடம் காலிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவர் தன் தொப்பியை எடுத்து மெதுவாகத் தலையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஹோல்கரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

ராக்னா மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை நின்றாள்.

"ஈ போலியா இருக்கலாம். காலையில எனக்கு வலிச்சது போலி இல்லை," என்றாள்.

வாக்கெடுப்பை நடத்தலாமா என்று ஹோல்கர் தணிந்த குரலில் கேட்டார். ராக்னா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அவள் பெயர் சொன்னதும் முதலில் உயர்ந்த கை ஹோல்கருடையது. அப்புறம் எண்ணுவதற்கு வேலையில்லை. எஸ்பென் இரண்டு கையையும் தூக்கினான், தோரா ஒன்றைக் கீழே இழுத்துவிட்டார்.

புதுத் தலைவி முதல் காரியமாக வெளியே போனாள். ஹோல்கரின் கோலிலிருந்து பன்றிவால் நரம்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்து வந்து, தக்கையோடு அவர் முன்னால் வைத்தாள்.

"பெட்டி காலியா இருக்கு. அதுல உண்மையிலேயே கடலைப் பாத்த ஏதாவது ஒண்ணு இருக்கணும். இதைக் குத்தி மாட்டுங்க ஹோல்கர். கீழ அட்டையும் நீங்களே எழுதுங்க, யாரு கட்டின முடிச்சுன்னு. அதோட நம்ம கணக்கு தீர்ந்துச்சு. அப்புறம் வந்து கேக் சாப்பிடுங்க."

ஹோல்கர் நரம்பைத் தக்கையில் குத்தினார், ஆறு ஆணிகளையும் அடித்தார். அட்டையை எடுத்துத் தன் பெயரை எழுதினார், தேதி போட்டார். பேனாவை மூடப் போனவர் நிறுத்தி, கீழே இன்னொரு வரி சேர்த்தார். எஸ்பென் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான்.

"தப்பிய மீன்: பன்னிரண்டு கிலோ."

முன்வரிசையில் வில்லாத்ஸின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "பன்னிரண்டா?"

"எழுதட்டும் விடுங்க தாத்தா," என்றாள் ராக்னா, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே. "உங்க பதினொண்ணை யாராவது எடை போட்டுப் பாத்தாங்களா?"